பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டைக் குடியிருக்கும் வீடாக்குவது எப்படி?

கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர்ப் பக்கம் தெருவுக்கு இரண்டு வீடாவது பூட்டிக் கிடக்கிறது. திண்ணை, நடை, முற்றம், கூடம், அதற்குப் பின்பகுதியான இரண்டாம் கட்டு, கொல்லையில் கிணறு என்று எண்பது, நூறு வருஷத்துக் கட்டடங்கள். வாரிசுகளில் ஒருவர் திரும்பி வந்து குடும்பத்தோடு இங்கேயே இருந்துவிடலாமா என்று யோசித்தால், காதில் விழும் முதல் யோசனை "இடிச்சுட்டுப் புதுசா கட்டிடுங்க" என்பதுதான்.

அதற்கு உடனே தலையாட்ட வேண்டாம். நான் பார்த்த வரை இந்த வீடுகள் கட்டிய விதத்தால் கெட்டவை அல்ல, தண்ணீரால் கெட்டவை. மேலிருந்து ஒழுகும் தண்ணீர், கீழிருந்து சுவரில் ஏறும் ஓதம், இரண்டையும் மறைக்க யாரோ பூசிவிட்ட சிமெண்டு. தண்ணீரை நிறுத்தி, சுவரை உலர விட்டு, கட்டியபோது எதைப் போட்டார்களோ அதையே போட்டுப் பழுது பார்த்தால் பெரும்பாலான வீடுகள் நன்றாக எழுந்துவிடும். அந்த வரிசை மாறினால்தான் பணம் வீணாகும்.

கீழே சொல்வது செங்கல், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு விட்டம், மட்டப்பா என்னும் தட்டையான மாடிக் கூரை, ஓட்டுக் கூரை உள்ள வீடுகளுக்கு. செட்டிநாட்டு வீட்டுக்கும் புதுச்சேரிப் பழைய வீட்டுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கான்கிரீட் வீட்டுக்குப் பொருந்தாது.

முதலில் காகிதங்கள்

கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பத்திரப் பெட்டியைத் திறங்கள். மூலப் பத்திரம், பாகப் பிரிவினைப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே நின்றுபோன பட்டா சாதாரணமாகக் காணக்கூடியது. அப்படியானால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அப்புறம் பெயர் மாற்றம் என்று போக வேண்டும்.

பூர்வீக வீடு என்றால் அத்தைகள், அக்கா தங்கைகள் பங்கை மறந்துவிடாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்குப் பங்கு கொடுத்துத் திருத்தம் செய்தது. 2005-ல் நாடு முழுமைக்கும் திருத்தம் வந்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கியது. "அவங்க ஒண்ணும் கேட்க மாட்டாங்க" என்ற நம்பிக்கையில் இருபது லட்சம் செலவழிக்காதீர்கள். எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பாகப் பிரிவினையோ பதிவு செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உறவும் கெடாது.

கோயிலைச் சுற்றிய வீதிகளில் இன்னொரு விஷயம் உண்டு. பல வீடுகளில் கட்டடம் நம்முடையது, அடிமனை கோயிலுடையது. பழைய ரசீதுகளில் அடிமனை வாடகை கட்டிய சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கோயில் நிர்வாக அலுவலரிடம் பேசி, பாக்கியைத் தீர்த்து, வேலைக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வங்கிக் கடன் கிடைப்பதும் இதைப் பொறுத்தது.

தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் தூரத்தை அளந்து பார்த்தே ஆக வேண்டும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் 100 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது. பழைய வீட்டைப் பழுது பார்க்கவும் முன் அனுமதி வேண்டும்.

மற்ற இடங்களில் ஓடு மாற்றுவது, பூசுவது, வெள்ளையடிப்பது மாதிரியான பழுதுக்குத் திட்ட அனுமதி தேவைப்படாது. பரப்பைக் கூட்டினாலோ மாடி எழுப்பினாலோ தேவைப்படும். நகராட்சியிலோ பேரூராட்சியிலோ போய், செய்யப்போகும் வேலையைப் பட்டியலாகச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

ஒரு மழைக்காலம் முழுக்கப் பாருங்கள்

அவசரம் இல்லையென்றால் வீட்டை வடகிழக்குப் பருவமழை முடியும் வரை தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வீடு தன் நோயையெல்லாம் தானே காட்டிவிடும். எவ்வளவு பெரிய பொறியாளர் வந்தாலும் ஏப்ரல் மாதத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் போதும். தரை வரைபடம் கையால் போடுங்கள். எந்த அறை, எந்தச் சுவர், எங்கே ஈரம், எவ்வளவு உயரம் வரை என்று குறியுங்கள். மழை பெய்யும்போதே குடையோடு போய், முற்றத்துத் தண்ணீர் ஜலதாரை வழியாக எவ்வளவு வேகமாக வெளியே போகிறது, மட்டப்பாவில் எங்கே தேங்குகிறது, தெருத் தண்ணீர் வாசற்படி வரை வருகிறதா என்று பாருங்கள். மழை விட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஒழுகல் ஈரம் மழை நின்றதும் காயத் தொடங்கும், ஓதம் நிற்காது. அடியிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு நீளமாக, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும் ஈரம் ஓதம்தான்.

விரிசல்களுக்கு இரு பக்கமும் பென்சில் குறி போட்டு, இடைவெளியை அளந்து, பக்கத்தில் தேதி எழுதிவிடுங்கள். அல்லது விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவையுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். டெல்டாவில் களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும். அதனால் சில விரிசல் வருஷா வருஷம் திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஐம்பது வருஷமாக அசையாத பழைய விரிசல் பயப்பட வேண்டியதல்ல. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, மாதா மாதம் அகலமாகிக்கொண்டே போகும் விரிசலுக்குப் பொறியாளர் வேண்டும். சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளியிருந்தாலும் அப்படியே. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் தெரியும்.

சுவரிலோ கைப்பிடிச் சுவரிலோ அரசு, ஆல் முளைத்திருந்தால் வெட்டுவதோடு நிறுத்தாதீர்கள். வெட்டிய இடத்திலிருந்து இன்னும் பலமாகத் தழைக்கும். சுற்றியுள்ள கல்லைப் பிரித்து வேரோடு எடுத்துவிட்டு, சுண்ணாம்புச் சாந்தில் திரும்பக் கட்ட வேண்டும்.

ஆள் பிடிப்பது

சுமை தாங்கும் சுவர் வீடுகளில் அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளரை ஒருமுறையாவது அழைத்து வந்து காட்டி, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அவரிடம் கேட்க வேண்டியது மூன்று: எந்தச் சுவரைத் தொடக்கூடாது, எந்த விட்டம் மாற வேண்டும், அஸ்திவாரம் தாங்குமா. எடுத்த எடுப்பில் எல்லாவற்றுக்கும் கான்கிரீட் தூணும் பீமும் போடச் சொல்கிறவராக இருந்தால் இன்னொருவரையும் கேளுங்கள்.

கொத்தனார் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சுண்ணாம்பு தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. ஆனால் கோயில் திருப்பணிகளிலும், காரைக்குடிப் பக்கத்திலும், புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். அவர் செய்த வேலையை, செய்து குறைந்தது இரண்டு மழை கண்ட பிறகு போய்ப் பாருங்கள். ஒரு சின்னச் சுவரைப் பூசச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

மொத்தமாகச் சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் போடுவது இந்த மாதிரி வேலைக்கு ஒத்துவராது. பூச்சைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நாள் கூலிக்கோ, இனம் இனமாகப் பிரித்த கூலிக்கோ பேசி, பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். அதற்கு வீட்டில் ஒருவர் தினமும் கூடவே இருக்க வேண்டும். தூரத்தில் இருந்துகொண்டு செய்யும் வேலை இல்லை இது.

தண்ணீரை நிறுத்துங்கள்

பழைய வீடுகளுக்கு வந்த பெரிய கேடு, தெரு உயர்ந்துபோனது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இப்போது தெருவுக்குக் கீழே கிடக்கின்றன. சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சாலை வேலை தொடங்கும் அன்றே அந்த உத்தரவைக் காட்டிப் பேசுங்கள். போட்டு முடித்த பிறகு பேசிப் பயனில்லை.

வெளி மட்டம் உள் தரையைவிட உயரமாக இருந்தால் ஓதம் நிற்கவே நிற்காது. முதல் வேலையாக, சுவரை ஒட்டிக் குவிந்திருக்கும் மண்ணையும் இடிபாட்டையும் அள்ளி வெளியே போடுங்கள். பக்கச் சந்து, கொல்லைப்புறம் இரண்டிலும் சுவரை ஒட்டிப் போட்ட சிமெண்டுத் தளத்தை உடைத்து எடுங்கள். அந்தத் தளம் மண்ணில் உள்ள ஈரத்தைச் சுவர் பக்கமாகத் தள்ளுகிறது. பிறகு சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி ஆழம் குறைந்த வாய்க்கால் எடுத்து, துளையிட்ட குழாய் வைத்து, ஜல்லியால் மூடி, கொல்லைப் பக்கம் சரிவு கொடுங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிவிடக் கூடாது. இந்த வீடுகளின் அஸ்திவாரம் அவ்வளவு ஆழம் இருக்காது.

வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவதைச் சென்னையில் நிறையச் செய்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, கான்கிரீட் பெல்ட் எதுவும் இல்லாத நூறு வருஷத்துச் சுவருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கூரை உயரம் பன்னிரண்டு அடி இருந்தால் உள் தரையை ஓர் அடி உயர்த்துவது நடக்கக்கூடிய காரியம். ஆனால் நிலைகளையும் தூக்கிவைக்க வேண்டும். நிரப்புவதற்கு மண் போடாமல் மணலும் ஜல்லியும் போட வேண்டும். ஈர மண்ணைச் சுவரோடு அணைத்துப் போட்டால் ஓதம் இன்னும் ஓர் அடி மேலே ஏறும்.

அடுத்து மட்டப்பா. இதை அமைத்த விதம் தெரிந்தால்தான் பழுதும் புரியும். தேக்கு விட்டங்களுக்குக் குறுக்கே நெருக்கமாகக் கட்டைகள். அவற்றின் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில், சாய்வரிசையாகச் சுண்ணாம்பில் நிறுத்தியிருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய அடுக்கு. அதற்கும் மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. இந்த அடுக்கு எங்கேயோ ஒழுக, ஒவ்வொரு தலைமுறையும் மேலே ஒரு பூச்சு போட்டிருக்கும். ஓர் அங்குலச் சிமெண்டுப் பூச்சு சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ. 600 சதுர அடி மாடியில் மூன்று டன். இப்படி இரண்டு மூன்று பூச்சு ஏறியிருந்தால் கட்டைகள் தொய்வதில் ஆச்சரியமில்லை.

ஆகவே மேலே இன்னொரு பூச்சு போடாதீர்கள். பின்னால் வந்த பூச்சுகளைக் கையால், சின்ன உளியால், கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுங்கள். இயந்திர உடைப்பான் கூடவே கூடாது. அதிர்ச்சியில் கீழ்ச் செங்கற்கள் நழுவும். வேலை நடக்கும் அறையில் கீழிருந்து முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். பழைய ஜல்லி அடுக்கு கெட்டியாக இருந்தால் விட்டுவிட்டு, பொடிந்த இடத்தை மட்டும் எடுத்துச் சுண்ணாம்பு ஜல்லியாலேயே நிரப்பித் தட்டி, தட்டோடு பதியுங்கள். பத்தடிக்கு இரண்டிலிருந்து மூன்று அங்குலம் சரிவு இருக்கட்டும். தண்ணீர் வெளியேறும் தூம்புகளைப் பழையதைவிடப் பெரியதாக வையுங்கள். ஒழுகலில் பாதிக்கு மேல் தூம்பைச் சுற்றியும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும்தான் தொடங்குகிறது.

மட்டப்பா மேல் தண்ணீர்த் தொட்டி வைக்காதீர்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். கொல்லையில் தனி இரும்புத் தாங்கியில் வையுங்கள்.

ஓட்டுக் கூரையில் முதலில் பார்க்க வேண்டியது கூடுவாய். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கக் கூரையும் சேரும் அந்த மூலைகளில்தான் மொத்தத் தண்ணீரும் இறங்குகிறது. பழைய தகரம் துருப்பிடித்திருக்கும். அகலமான புதுத் தகடு போட்டு, இரு பக்கமும் ஓட்டுக்கு அடியில் நன்றாக உள்ளே போகும்படி வையுங்கள். நாட்டு ஓடாக இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை ஓடு மாற்றிப் பரப்ப ஆள் வேண்டும். ஆள் கிடைக்காத ஊரில் மேலே மட்டும் மங்களூர் ஓடு போட்டு, முற்றத்தைப் பார்க்கும் தாழ்வாரத்தில் நாட்டு ஓட்டை வைத்துக்கொள்வது நல்ல சமரசம். இறக்கும் ஓட்டைப் பத்திரமாக அடுக்கிவையுங்கள். அதே அளவில் இனிமேல் கிடைப்பது கஷ்டம்.

சுவர்: சிமெண்டை எடுத்து, சுண்ணாம்பைப் போடுங்கள்

இந்த ஓர் இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடிப்பது, ஈரத் துணியைப் பாலித்தீன் பையில் கட்டிவைப்பது மாதிரி. சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். உப்பு உள்ளேயே படிந்து செங்கல்லைப் பொடியாக்கும். சிமெண்டு மேலே கெட்டியாக நிற்கும், தட்டினால் 'டொப்' என்று வெற்றுச் சத்தம் வரும். உரித்துப் பார்த்தால் உள்ளே செங்கல் மாவாகியிருக்கும்.

எனவே ஓதம் ஏறிய உயரத்துக்கு மேலே இரண்டடி வரை சிமெண்டை உரியுங்கள். வெளியே வந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த தூரிகையால் தட்டி, விழுவதை அள்ளி வெளியே கொட்டுங்கள். சுவரை அப்படியே ஒரு கோடை முழுக்கத் திறந்துவிடுங்கள். உப்பு அதிகமாக இருந்தால், முதலில் மலிவான சுண்ணாம்பு மணல் பூச்சு ஒன்று போட்டு, அது உப்பை இழுத்துக்கொண்டு உதிர்ந்த பிறகு அதை எடுத்துவிட்டு நிலையான பூச்சைப் போடுங்கள்.

சாந்துக்கு, சுட்ட சுண்ணாம்பை வாங்கித் தண்ணீர் விட்டு நீற்றி, தண்ணீருக்கடியில் குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஊறவைப்பது நல்லது. நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும், குழந்தைகள் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த ஆற்று மணல் பொதுவான கணக்கு. ஈரம் நிற்கும் அடிச்சுவருக்கு மணலில் ஒரு பகுதியைக் குறைத்து சுர்க்கி, அதாவது நன்றாக வெந்த செங்கல் பொடி, சேர்த்தால் இறுகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைப்பது நம் வழக்கம். அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். ஏற்கெனவே சொன்ன சோதனைச் சுவரில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. அதற்கு நாளாகும். ஒரே தடவையில் கனமாகப் பூசாமல் அரை அங்குலத்துக்கு மிகாமல் அடுக்கடுக்காகப் பூசி, நேர் வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் அவகாசம் கொடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். நிறம் வேண்டும் என்றால் காவி, மஞ்சள், நீலம் கலந்துகொள்ளலாம்.

செட்டிநாட்டுப் பூச்சின் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு பலருக்கும் ஆசை. முட்டை வெள்ளைக் கருவெல்லாம் சேர்ந்து, பல அடுக்காகத் தேய்த்தெடுக்கும் வேலை அது. கூடத்தில் ஒரு சுவருக்குச் செய்துகொள்ளுங்கள், வீடு முழுக்க வேண்டாம்.

விரிசலுக்குள் சிமெண்டுப் பால் ஊற்றாதீர்கள். இரு பக்கமும் செங்கல்லைப் பிரித்து, கல் மாற்றிக் கல் கோத்து, சுண்ணாம்பிலேயே கட்டித் தையல் போட வேண்டும். புது ஜன்னல் திறப்பதாக இருந்தால் மேலே தாங்கும் கட்டை வைத்து முட்டுக் கொடுத்த பிறகே கீழே பிரிக்க வேண்டும். இரண்டடிச் சுவர்தானே, தாங்கும் என்று தொடங்குவதால்தான் விபத்து நடக்கிறது.

மரமும் கரையானும்

விட்டம் பார்வைக்கு நன்றாக இருக்கும்; கெடுவது சுவருக்குள் போகும் முனைகளில். அங்கே திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே சுலபமாக இறங்கினால் முனை போய்விட்டது. முழு விட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட முனையை வெட்டிவிட்டு, இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போட்டு நீட்டலாம்; அல்லது சுவரை ஒட்டி இரும்புத் தாங்கி கொடுக்கலாம். பர்மா தேக்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓர் அறையில் எடுத்த நல்ல கட்டை இன்னோர் அறைக்கு உதவும். கதவு, நிலை, தூண் வாங்க வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழையது கிடைக்கும்.

கரையானுக்கு மேலோட்டமாக மருந்து அடித்தால் ஒரு பருவம்தான் தாங்கும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு, மருந்தை மண்ணுக்குள் இறக்கி மூட வேண்டும். இதைத் தரை வேலைக்கு முன் செய்யுங்கள். ஈரம் நிற்கும் வரை கரையான் வந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், ஓத வேலை முடிந்த பிறகு செய்தால் பலன் நிற்கும்.

பழைய கதவுகளின் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துத் தேய்த்து, முகமூடி போட்டு, சுரண்டியதைக் கூட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது தலையாய விஷயம். கொல்லைக் கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தாலும் உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்குங்கள்.

எந்த மாதம் எந்த வேலை

தை பிறந்ததும் கூரை. மொத்தக் கூரையையும் ஒரே நாளில் பிரிக்காமல் ஒரு பக்கம் முடித்து மறு பக்கம் போங்கள். எங்காவது மண்சாந்தில் கட்டிய சுவர் இருந்தால், கூரை இல்லாமல் நனைந்து கரைந்துவிடும். மாசி, பங்குனியில் வெளி மட்டம், வடிகால், சிமெண்டை உரித்தல். சித்திரை, வைகாசி வெயிலைச் சுவர் உலரக் கொடுங்கள். அந்த நேரத்தில் தச்சு வேலை, மின்சாரம், குழாய். ஆனியிலிருந்து பூச்சு. ஐப்பசிக்கு முன் வெளிப்பூச்சு முடிந்திருக்க வேண்டும். தரையும் வெள்ளையடிப்பும் கடைசி. ஆடியில் பால் காய்ச்ச மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஆவணிக்கு நாள் குறித்துக்கொண்டு பாதி ஈரச் சுவரில் குடியேறுவதைவிட, அடுத்த தைக்குத் தள்ளிவைப்பது மேல்.

குளியலறை, அடுக்களை

குடும்பம் நடத்த முடியுமா முடியாதா என்பதைக் குளியலறைதான் தீர்மானிக்கும். பழைய வீட்டில் கழிவறை கொல்லைக் கோடியில் இருக்கும். வயதான அம்மா இரவில் அங்கே போக முடியாது. கூடத்தை ஒட்டிய உள் அறைக்குள் குளியலறை கட்டலாம் என்று சொல்வார்கள். வேண்டாம். தண்ணீரைத் தடிமனான சுண்ணாம்புச் சுவருக்கு நடுவில் கொண்டுவந்து வைப்பதாகும் அது. இரண்டாம் கட்டின் பின்பக்கத்தில், வெளிச்சுவரை ஒட்டி, தரைத் தளத்திலேயே இரண்டு குளியலறை வையுங்கள். பழைய சுவரோடு ஒட்டாமல், அரை அடி விட்டுத் தனிச் சுவர் எழுப்பி, குழாய்களெல்லாம் அந்தப் புதுச் சுவரிலும் இடைவெளியிலும் போகட்டும். பிற்காலத்தில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். மட்டப்பா மேல் மாடிக் குளியலறை என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

பாதாளச் சாக்கடை இருந்தால் சரி. இல்லாவிட்டால் கழிவுத் தொட்டி கிணற்றிலிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்.

அடுக்களை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். புகையேறிய விட்டத்தைக் காய்ந்த துணியால் துடைத்து எண்ணெய் பூசினால் அழகாகிவிடும். மேடைக்குக் கருங்கல் பலகையைச் சுவரில் செருகாமல், செங்கல் காலில் நிறுத்துங்கள்.

மின்சாரம்

மரப்பட்டி வழியாக ஓடும் பழைய கம்பி ஒன்றைக்கூட மிச்சம் வைக்காதீர்கள். மீட்டரிலிருந்து புதிதாக இழுங்கள். விளக்கு, விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பவர் பிளக்குக்கு 2.5, ஏசி, கீசருக்கு 4. புது எர்த், அதோடு மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். ஈரச் சுவர் உள்ள வீட்டில் உயிர் காப்பது அதுதான். சுவரை வெட்டிக் குழாய் புதைக்காமல் வெளியே தெரியும்படி ஓட்டுங்கள். விட்டத்தின் ஓரமாகப் போனால் உறுத்தாது.

முற்றம், வெளிச்சம், வயதானவர்கள்

முற்றத்தைக் கண்ணாடி நார்த் தகட்டால் முழுக்க மூடிவிடுகிறார்கள். வீட்டின் அனல் வெளியேறும் வழி அதுதான். மூடினால் சித்திரையில் கூடத்தில் உட்கார முடியாது. குரங்குக்கும் திருட்டுக்கும் இரும்புக் கம்பி வலை போடுங்கள். சாரல் பொறுக்காது என்றால் தகட்டைக் கூரையைவிட ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் காற்றுப் போகத் திறந்துவிடுங்கள். இருட்டான உள் அறைக்கு மங்களூர் ஓட்டுக்கு நடுவே இரண்டு கண்ணாடி ஓடு வைத்தால் பகலில் விளக்கு வேண்டாம். முற்றத்துத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுக்கு விடலாம். கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டுப் பூட்டுங்கள்.

உயரமான நிலைப்படிகள் வயதானவர்களுக்கும் தவழும் குழந்தைக்கும் தடை. படுக்கையறை, குளியலறை, அடுக்களை இந்த மூன்றுக்கும் நடுவில் உள்ள வழியிலாவது இரு பக்கமும் மரச் சரிவு வைத்து, கைப்பிடி போடுங்கள். தரை பழைய ஆத்தங்குடிக் கல்லாகவோ காவித் தரையாகவோ இருந்தால் உடைக்காதீர்கள். விரிந்த இடத்தை மட்டும் மாற்றி, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேயுங்கள். வழவழப்பு டைல் போட்டால் தரை ஈரம் முழுக்கச் சுவரைத் தேடி ஓடும்.

பணம்

மதிப்பீட்டுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள். கூரையைப் பிரிக்கும் வரை உண்மைக் கணக்கு தெரியாது. பணம் போதாவிட்டால் வரிசையில் கடைசியில் இருப்பதை வெட்டுங்கள்: தரைப் பளபளப்பு, அலங்காரத் தூண், மாடுலர் அடுக்களை. கூரையிலும் வடிகாலிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். முன் கட்டை மட்டும் முடித்துக் குடியேறி, இரண்டாம் கட்டை அடுத்த வருஷம் எடுத்துக்கொள்வது தாராளமாகச் செய்யக்கூடியது. இந்த வீடுகள் கட்டுக் கட்டாகப் பிரிந்திருப்பது அதற்கு வசதி.

குடியேறிய முதல் வருஷம் சுவரை ஒட்டிப் பீரோ, கட்டில் எதையும் போடாமல் நாலு அங்குலம் தள்ளியே வையுங்கள். புரட்டாசிக் கடைசியில் ஓர் ஆளை ஏற்றி ஓட்டையும் தூம்பையும் கூடுவாயையும் பார்த்து, இலை தழையை அள்ளச் சொல்லுங்கள். முதல் பெருமழை அன்று பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, முன்பு ஈரம் குறித்த ஒவ்வோர் இடத்தையும் தொட்டுப் பார்த்து, பக்கத்தில் இந்த வருஷத் தேதியை எழுதுங்கள். எங்காவது ஈரம் இருந்தால் கொத்தனாரை உடனே கூப்பிடாமல் தை வரை குறித்துக்கொண்டே வாருங்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு அந்த இடத்தை மட்டும் திறந்தால் போதும்.